லயத்து மனுசியும் காட்டு அரக்கனும்: கதைப் பிரதி திருத்தும் வேலை

அரக்கனுக்கும் மனுசிக்கும் காதல் என்று வரும் டார்க் ஃபேன்டசி பிரதிகளில் நாங்கள் முதலில் பார்ப்பது காதலை அல்ல, நாயகி குடியிருக்கும் இடத்தை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டக் கதையென்றால் அது பெரும்பாலும் லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதாவது அறை. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அங்கே அரக்கன் வந்து விடியவிடியப் பேசினான் என்று எழுதினால் தோட்டத்து வாசகர் நம்பமாட்டார். சந்திப்பைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கோ, மாணாப்புல் மண்டிய கைவிட்ட மலைக்கோ கொண்டுபோக வேண்டும்.

ரகசியம் உடையும் இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். யாரோ ஒளிந்திருந்து பார்த்துவிட்டார் என்று முடித்துவிடுவார்கள். அது தேவையே இல்லை. இரவெல்லாம் விழித்திருந்தவளுக்கு மறுநாள் கொழுந்து பறிப்பதில் கை ஓடாது. நிறுவையில் கிலோ குறையும், அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் விழும், வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஏனென்று கேட்பார், சம்பளம் போடும்போது வீட்டில் தெரிந்துவிடும். தராசே காட்டிக்கொடுத்துவிடும்.

அரக்கனைக் கொம்பும் சிவந்த கண்ணுமாக வருணித்து ஒரு பக்கத்தை நிரப்புவதைவிட, அவள் வேலை பழகிய கண்ணுக்குப் படும் ஒரு குறி போதும். மழைக்காலத்தில் மலையில் நின்றால் அட்டை ஏறாத கால் கிடையாது. உடல் சூடும் மூச்சும் அதற்கு வழி காட்டும். இருவரும் ஈரப்புல்லில் நிற்கிறார்கள். அவள் கெண்டைக்காலில் மூன்று அட்டை. உப்புத் துணியால் தட்டிவிடுகிறாள். அவன் கால் சுத்தமாக இருக்கிறது. அட்டை அவன் விரல்வரை நெளிந்து வந்து, தலையைத் தூக்கித் துழாவிவிட்டுத் திரும்பிப் போகிறது. அவனுக்குச் சூடு இல்லை என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கும். இதற்கு ஐம்பது சொல் போதும். அதன்பின் அவள் அவன் கையைப் பிடித்தால் அந்தத் தொடுகைக்கு ஒரு கனம் இருக்கும்.

அவன் எதைத் தின்பான், எதைத் தாண்டமாட்டான், அவளைத் தொட்டால் எதை இழப்பான் என்ற மூன்றும் கதையின் முதல் கால்பங்குக்குள் வந்துவிட வேண்டும். பின்னால் புதிய விதி சேர்த்தால் அது ஆசிரியர் தப்பித்துக்கொள்ளும் வழியாகவே தெரியும்.

பலவந்தத்தைக் காதலாக எழுதிய பக்கங்களை நாங்கள் தயங்காமல் வெட்டுகிறோம். தோட்டத்தை நடத்தும் துரைக்கும் கங்காணிக்கும் பயந்து தலைமுறைகள் வாழ்ந்த மண் இது. அவள் ஒருமுறையாவது 'போ' என்று சொல்ல வேண்டும், அவன் போக வேண்டும். அவன் பயங்கரம் அவன் பசியில் இருக்கட்டும். அதேபோல ரோதமுனியையும் கவ்வாத்துசாமியையும் அரக்கனாக்காதீர்கள். அவை தோட்டத்து ஆட்கள் கும்பிடும் தெய்வங்கள். காட்டுக்குள்ளிருந்து வேறொன்றைப் படைத்துக்கொள்ளலாம்.

பேச்சையும் யோசிக்க வேண்டும். தேயிலைக்கு முன் இங்கே பயிரான கோப்பியில் 1869இல் இலைநோய் கண்டதற்கும் முன்பிருந்தே காட்டில் இருப்பவனுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது? மலையில் ஆட்கள் பேசியதைக் கேட்டுத்தான். ஆகவே அவன் வாயில், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுச் சத்தமும் தாலாட்டும் ஒப்பாரியும் வரும். 'உன்னை நேசிக்கிறேன்' வராது.

முடிவில் சாபம் நீங்கி அவன் மனிதனாகிவிட்டால் அவள் காதலித்த ஆளே கதையில் இல்லாமல் போகிறான். வேறு வழி காமன் கூத்திலேயே இருக்கிறது. மாசியில் பல தோட்டங்களில் ஆடும் அந்தக் கதையில் சிவன் மன்மதனை எரிக்கிறார், ரதி மன்றாடுகிறாள், அவன் மீள்கிறான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டும். லயத்தில் இதை எழுதிப்பாருங்கள். மற்றவர்களுக்கு அவள் தனியே பேசுகிற பைத்தியக்காரி. அவளோ இரண்டு கோப்பையில் சாயத்தண்ணி (பால் சேராத தேநீர்) ஊற்றுவாள், பெண்கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவாள், பூசாரியிடம் இழுத்துப் போனால் வாய் திறக்கமாட்டாள். கடைசிப் பக்கங்களில் இந்த நடமாட்டங்களை மட்டும் எழுதுங்கள். அவன் உருவத்தை மறுபடி வருணிக்காதீர்கள்.