எருமையின் காதில் இருக்கும் புருவம்

விலங்குகளுக்கு மனித குணம் கொடுத்துப் பாத்திரங்கள் வரைகிறவர்களில் பலர் உடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நரிக்கு ஒரு கோட்டு, பூனைக்கு ஒரு பாவாடை, கரடிக்கு ஒரு மூக்குக்கண்ணாடி என்று மாட்டிவிட்டால் அந்த விலங்கு மனிதத்தன்மை பெற்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அப்படி வரைந்த படங்களில் உடையை மட்டும் அழித்துப் பார்த்தால் எஞ்சுவது பள்ளிச் சுவரில் தொங்கும் விலங்கு அட்டவணையாகவோ, மனித உடல்மேல் பொருத்திய முகமூடியாகவோ இருக்கும். ஒரு விலங்கின் உடல் எந்த உணர்ச்சியை எந்த உறுப்பால் காட்டுகிறது என்பதைக் கண்டுபிடித்து, மனித குணத்தை அந்த உறுப்பின் வழியாகவே வெளிக்கொண்டுவர வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஒரே பிடிவாதம். உடை கடைசியில் வரலாம். சில பாத்திரங்களுக்கு வராமலே போகலாம்.

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு, எங்கள் பக்கத்துத் தெரு ஒன்றை முழுக்க விலங்குகளே வாழும் தெருவாக வரைந்து வருகிறேன். அங்கே ஆப்பக்கடை நடத்துவது ஓர் எருமை. மீன் ஏலம் விடுவது ஒரு காகம். கேரம் ஆடுவதையே மூச்சாகக் கொண்ட ஓர் இளைஞன் வெள்ளாடு. வலை பின்னும் கிழவர் பூனை. இவர்கள் யாரும் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரைந்தவர்கள் அல்லர். காசிமேட்டிலும் மணலியிலும் மாதவரம் பால் பண்ணைப் பக்கத்திலும் நான் நின்று பார்த்து வரைந்த விலங்குகளிலிருந்து வந்தவர்கள்.

எருமையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மனித முகத்தில் உணர்ச்சியின் பெரும்பங்கைப் புருவம் சுமக்கிறது. ஆகையால் விலங்கு முகம் வரைகிறவர்கள் கண்ணுக்கு மேல் இரண்டு தடித்த கோடுகளைப் போட்டுப் புருவமாக்கிவிடுகிறார்கள். எருமைக்கு அது தேவையில்லை. அதன் காதுகள் கொம்புக்குக் கீழே பக்கவாட்டில் கிடைமட்டமாக நீண்டு நிற்பவை; ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே திரும்பக்கூடியவை. நிம்மதியாக அசைபோடும்போது அவை தளர்ந்து தாழ்கின்றன. புதிய ஒலி கேட்டதும் ஒரு காது மட்டும் அந்தத் திசைக்குத் திரும்புகிறது. அந்நியர் நெருங்கினால் இரண்டும் முன்னோக்கி விறைக்கின்றன. மணலியில் எருமை வைத்திருக்கும் ஒரு பெரியவர், நான் கொம்பையே வரைந்துகொண்டிருப்பதைக் கவனித்து, "கொம்ப உடு தம்பி, காதப் பாரு. நாம பேசறது அவளுக்குக் கேக்குது" என்றார். அன்றிலிருந்து எருமை அக்காவின் முகபாவங்களை எல்லாம் காதுகளில்தான் எழுதுகிறேன். கடன் சொல்லிச் சாப்பிட்டுப் போகிறவனைக் கேள்வியோடு பார்க்கும்போது ஒரு காது நிமிர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருக்கும். மனிதர் ஒற்றைப் புருவத்தை உயர்த்துவதற்கு அதுவே ஈடு.

அடுத்தது தலையின் கோணம். எருமையின் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. எதையாவது கூர்ந்து பார்க்க வேண்டுமென்றால் அது மோவாயை உயர்த்தி மூக்கை முன்னே நீட்டுகிறது, அப்போது கொம்புகள் பிடரியை நோக்கிச் சாய்கின்றன. மனிதர் அப்படித் தலையை நிமிர்த்தினால் அது செருக்காகத் தெரியும். எருமை அக்காவிடம் அது செருக்கு அல்ல, கவனம். ஆனால் கடைக்கு முதன்முதலாக வருகிறவர்களுக்கு அவள் திமிர் பிடித்தவளாகத் தோன்றுவதும், பழகிய பிறகு அது வெறும் உற்றுநோக்கல் என்று தெரியவருவதும் கதைக்குள் ஓர் அழகான இழையாக அமைந்துவிட்டன. உடலமைப்பு தானாகவே ஒரு குணத்தையும், அந்தக் குணத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் கொண்டுவந்து கொடுத்தது. அது நான் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியிருக்கக்கூடியது அல்ல.

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. அதனால்தான் அது வெயிலில் நீர்நிலையைத் தேடிப் போய் மூழ்கிக் கிடக்கிறது. சென்னை வெயிலில் அடுப்பருகே நின்று ஆப்பம் ஊற்றும் ஒருத்திக்கு இந்தத் தகவல் மிகவும் முக்கியம். அக்காவின் கடையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய தண்ணீர் அண்டா இருக்கும். வேலைக்கு நடுவே தண்ணீரை மொண்டு தோளில் ஊற்றிக்கொள்வாள். மயிர் அடர்த்தியில்லாத தோல் என்பதால் நனைந்தவுடன் மேல்பரப்பு பளபளக்கும். கருப்பு விலங்கு என்று கருப்பு மையை ஊற்றி நிரப்பிவிடுகிறவர்கள் இந்தப் பளபளப்பை இழக்கிறார்கள். எருமைத் தோலில் வானம் படும் இடத்தில் நீலச் சாம்பலும், மண் படும் வயிற்றுப் பக்கத்தில் செம்பழுப்பும், மடிப்புகளுக்குள் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவும் உண்டு. கிரிட்டா என்ற கணினி ஓவியச் செயலியில் வண்ணம் தீட்டும்போது முழுக்கருப்பைத் தொடாமலே அவளை முடிக்கிறேன்.

காகத்துக்கு வேறு சிக்கல். அலகு விறைப்பானது; உதடு இல்லை, கன்னம் இல்லை, சிரிப்பதற்கு வழியே இல்லை. அலகின் ஓரத்தை வளைத்துச் சிரிப்பாக்குவது எளிது என்றாலும் அப்படி வளைத்தவுடன் அது அலகு என்பதே மறைந்துபோகிறது. காசிமேட்டில் படகுகள் வந்து மீன் இறங்கும் விடியற்காலையில் காகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை முகத்தால் அல்ல, முழு உடலால் பேசுகின்றன. கரையும்போது உடல் முன்னே சாய்கிறது, கழுத்து நீள்கிறது, தொண்டைச் சிறகுகள் சிலிர்க்கின்றன, ஒவ்வொரு குரலுக்கும் வால் ஒருமுறை வெட்டி இறங்குகிறது. ஏலம் விடுபவரின் உடல்மொழியும் ஏறத்தாழ இதுவே: ஒவ்வொரு விலைக்கும் முன்னே குனிந்து, குரலை எறிந்து, நிமிர்ந்து கூட்டத்தை அளப்பது. கூட்டத்தை அளக்கும் அந்தப் பார்வைக்கும் காகத்திடமே விடை இருக்கிறது. இராமாயணத்துக் காகாசுரன் கதையை வைத்துக் காகத்துக்கு ஒரே கண்மணிதான், அது இரு பக்கமும் மாறி மாறி ஓடுகிறது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். உண்மையில் அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், கூர்ந்து நோக்க விரும்பும்போது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறது. அந்தச் சாய்வை மட்டும் வரைந்தால் போதும். கண்ணுக்குள் மனித வெள்ளைவிழியைத் திணிக்க வேண்டிய அவசியமே வராது. ஊர்க்காகத்தின் சாம்பல் நிறக் கழுத்துப் பகுதி தோளில் சுற்றிய துண்டு போலவே தெரிவதால் அதற்கு நான் எந்த உடையும் தரவில்லை.

தெருநாயை இங்கே ஒரு வரியில் கடந்துவிடலாம். உட்புருவத்தை உயர்த்தும் தசை நாய்களிடம் நன்கு வளர்ந்திருப்பதையும் ஓநாய்களிடம் அது பெரும்பாலும் இல்லாததையும் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே நாய்க்குப் புருவம் வரைவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நிற்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆட்டின் பின்னங்காலில் பின்பக்கமாக வளையும் மூட்டைப் பலர் முழங்கால் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது முழங்கால் அல்ல, குதிகால். ஆட்டின் உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. அது நம்முடையதைப் போலவே முன்பக்கமாகத்தான் வளைகிறது. நாமும் கரடியும் உள்ளங்கால் முழுவதும் பதிய நடக்கிறோம். நாயும் பூனையும் விரல்களில் நடக்கின்றன. ஆடும் மாடும் குதிரையும் விரல் நுனியிலிருக்கும் குளம்பில் நடக்கின்றன. இந்த ஒரு செய்தி மனதில் பதிந்துவிட்டால் விலங்கைச் சுவரில் சாய்க்கலாம், குந்த வைக்கலாம், மிதிவண்டியில் ஏற்றலாம், கால் உடைந்தது போல் தெரியாது. எலும்புகளின் வரிசை நமக்கும் அவற்றுக்கும் ஒன்றே, நீளங்கள்தான் வேறு. வரையத் தொடங்கும்போது இடுப்பு, முழங்கால், குதிகால், விரல் நுனி என்று நான்கு புள்ளிகளை முதலில் வைத்துவிட்டு அவற்றின் இடைவெளியை மட்டும் விலங்குக்கு விலங்கு மாற்றுகிறேன்.

வெள்ளாட்டுக்கு இன்னொரு நற்பேறு உண்டு: அது தானாகவே இரண்டு கால்களில் எழுந்து நிற்கும். புளியந்தோப்புப் பக்கம் எங்காவது ஒரு முருங்கைக்கிளை சுவருக்கு வெளியே நீண்டிருந்தால் அதன் கீழே பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைச் சுவரில் ஊன்றி, கழுத்தை நீட்டும் ஆட்டைப் பார்க்கலாம். என் கேரம் ஆட்டக்காரன் பலகையின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி நிற்கும் நிலை அந்த நிலையேதான். குளம்பு இரண்டாகப் பிளந்தது, இரு பகுதிகளும் ஓரளவு விரியக்கூடியவை. ஐந்து விரல் கொடுத்தால் அது கையுறை மாட்டிய மனிதக் கையாகிவிடும் என்பதால், அந்த இரு பகுதிகளையே இரு விரல்களாக நீட்டி, ஸ்ட்ரைக்கரைச் சுண்ட வைத்தேன். இயற்கையில் ஆட்டால் அப்படிச் சுண்ட முடியாது. ஆனால் பார்க்கிறவருக்குக் குளம்பு குளம்பாகவே தெரிகிறது, சுண்டலும் நம்பும்படி இருக்கிறது. ஆட்டின் கிடைமட்டக் கண்மணியையும் நான் மாற்றவில்லை. வட்டமாக்கினால் கனிவு கூடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். பலகையின் இரு மூலைகளையும் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடியவன் என்ற எண்ணத்தை அந்தக் கிடைக்கோடுதான் தருகிறது என்பதால் அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கனிவு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. பெரிய தலை, பெரிய கண், குறுகிய மூக்கு ஆகிய குழந்தைச் சாயல்கள் நம்மிடம் பரிவைத் தூண்டுகின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். அந்த விதியைப் பொம்மைத் தொழிலும் கேலிச்சித்திரத் தொழிலும் முழுமையாகச் சுரண்டிவிட்டன. இன்று எல்லா விலங்கும் ஒரே குழந்தை முகத்தோடு வருகிறது. மனிதரில் வளர்ந்தவரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை, அதாவது தலையின் நீளத்தைப் போல் ஏழரை மடங்கு. எருமை அக்காவுக்கு நான் நான்கு தலை உயரம் கொடுத்திருந்தாலும், கண்ணைப் பெரிதாக்கவில்லை. அவள் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், அதிகாலையில் மாவு கரைக்கிறவள். அவள் அழகு அவளுடைய வயதில் இருக்கிறது.

நம்மிடம் இதற்கு மிகப் பழைய ஆசான் ஒருவர் இருக்கிறார், பெயர் தெரியாதவர். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் அழைக்கப்படும் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலப் பாறைச் சிற்பத்தில், ஒரு பூனை பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிறது. அதன் அருகே எலிகள். அதே பாறையில் ஒற்றைக்காலில் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியின் நிலையைச் சிற்பி பூனைக்குக் கொடுத்தார். உடை கொடுக்கவில்லை, மனித முகம் கொடுக்கவில்லை. ஒரே ஒரு நிலையை மட்டும் கடன் வாங்கி, பொய்த்தவம் என்ற ஒரு முழுக்கதையைச் சொல்லிவிட்டார். நிழலுருவாக மட்டும் பார்த்தாலும் அது பூனை என்பதும் தவம் என்பதும் ஒருசேரப் புரியும். பாத்திர வடிவமைப்பு கற்கிறவர்கள் ஒரு நோட்டோடு அந்தப் பாறையின் முன் உட்கார வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இனி, விலங்குகளின்மேல் நாம் ஏற்றி வைத்திருக்கும் பெயர்களைப் பற்றிப் பேச வேண்டும். தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தது 1826இல். அதில் வரும் நரிகளான கரடகனும் தமனகனும் இந்த ஊர் வாசகருக்கு அத்தனை காலமாகப் பழக்கம். நரி என்றால் தந்திரம் என்பதும் அவர்களோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. நம் புதர்க்காடுகளில் ஊளையிடும் நரி சாம்பல் கலந்த மஞ்சட்பழுப்பு நிறம், வால் நுனி கருமை. சிறுவர் நூல்களிலோ வெள்ளை வால்நுனி கொண்ட செந்நரிதான் வருகிறது, குளிர்நாட்டிலிருந்து வந்த உரு. குணமும் கேள்வியில்லாமல் வருகிறது, உருவும் பார்க்காமலே வருகிறது.

எருமைக்கும் கழுதைக்கும் நேர்ந்தது இதைவிடக் கொடியது. பள்ளியில் மந்தமான பிள்ளையை எருமை என்றும், சுமை தூக்கி உழைக்கும் விலங்கின் பெயரால் மடையனையும் திட்டுகிறோம். கருத்த நிறமும் பருத்த உடலும் கொண்ட விலங்குக்கு அடியாள் வேடமும், வெளிறிய நிறம் கொண்டதற்கு நாயக வேடமும் கொடுக்கும் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வடசென்னையில் வளர்ந்தவனுக்கு இது வெறும் விலங்குச் சங்கதி அல்ல. எங்கள் பக்கத்து மனிதரைத் திரையிலும் செய்தியிலும் எப்படிக் காட்டினார்கள் என்பதை அறிந்தவன், அதே வார்ப்பை ஓர் எருமையின் மேல் ஊற்றக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். அதனால்தான் அந்தத் தெருவில் யாருக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பவளாக, கேரம் போட்டியின் நடுவராக, எல்லோரும் யோசனை கேட்கும் இடமாக எருமை அக்கா இருக்கிறாள். எருமையின் உண்மையான நடத்தையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு எழாது: அது வழியை நினைவில் வைத்திருக்கும், ஆளை அடையாளம் காணும், கன்றைச் சுற்றிக் கூட்டமாக நிற்கும்.

கடைசியாக உடைக்கு வருகிறேன். அக்காவுக்குப் பூப்போட்ட நைட்டியும் மேலே ஒரு துண்டும். எங்கள் தெருவில் காலைக் கடை நடத்தும் பெண்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். வால் முதுகெலும்பின் தொடர்ச்சி என்பதால் அது முதுகின் அடியில், பிட்டத்துக்குச் சற்று மேலே தொடங்க வேண்டும். நைட்டியின் பின்புறம் அந்த இடத்தில் ஒரு திறப்பும், அதைச் சுற்றி அவளே கையால் மடித்துத் தைத்த ஒரு பட்டியும் வைத்திருக்கிறேன். துண்டை மட்டும் தோளில் போட முடியவில்லை, எருமையின் தோள் சரிவானது. ஆகவே கொம்பில் மாட்டிவிட்டேன். எண்ணூர்க் கழிமுகத்தில் பார்த்த கூழைக்கடாவைத் துறைமுகக் கணக்கராக வரைவதுதான் இப்போது நடக்கும் வேலை. அதன் அலகுப் பை காலியாக இருக்கும்போது எப்படிச் சுருங்கித் தொங்குகிறது என்பதைக் கண்டுகொள்ள இன்னும் சில காலைகள் அங்கே நிற்க வேண்டியிருக்கிறது.