சமையலறைக் கரப்பான்: நாட்குறிப்பு

ஜூலை 4, 2025, வெள்ளி

சமையல் மேடையில் இப்போது ஓடுவது சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கரப்பான் இல்லை. ஒன்றைக் கண்ணாடி டம்ளருக்குள் பிடித்துப் பார்த்தேன். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. வெளிர் பழுப்பு, தலையை மூடிய கவசத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள். ஜெர்மன் கரப்பான்தான். குளியலறைச் சாக்கடையிலிருந்து ஏறி வரும் செம்பழுப்புப் பெரியது அமெரிக்கக் கரப்பான். அது நாலு சென்டிமீட்டர் வரை வளரும். அதற்குச் சாக்கடை மூடியில் வலை போட்டு, குழாய் இடுக்கை அடைத்தால் பாதி வேலை முடிந்தது. சின்னது வீட்டுக்குள்ளேயே குடியிருந்து பெருகுவது.

இதன் மூதாதை நம் பக்கத்து ஆசியக் கரப்பான்தான், சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்து பிரிந்தது என்று 2024இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. மனிதர் கட்டிய இடங்களை விட்டு இது வேறெங்கும் பிழைப்பதில்லை.

ஜூலை 5, சனி

டார்ச்சோடு உட்கார்ந்து தேடினேன். ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், மிக்ஸியின் அடிப்பாகம், அலமாரிக் கதவின் கீல், சிங்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை. சூடும் ஈரமும் இருக்கும் இடுக்கெல்லாம் கறுப்புப் பொடியாக எச்சம். பெரியவனுக்கு வீசிங் இருப்பதால் இதைச் சும்மா விட முடியாது. இந்த எச்சமும் உரிந்த தோலும் தூசியில் கலந்து ஆஸ்துமாவைக் கிளப்பும். ஈரத்துணியால் துடைத்தேன், பெருக்கினால் காற்றில் பறக்கும். இரவு பசை அட்டைகளை வைத்தேன். எந்த அட்டையில் அதிகம் ஒட்டுகிறதோ அங்கேதான் அவை ஒளியும் இடம்.

ஜூலை 6, ஞாயிறு

ஃபிரிட்ஜ் பின்னால் வைத்த அட்டைதான் நிறைந்திருந்தது. "ஸ்பிரே அடிச்சா ஒரே நாள்ல போயிடும்மா" என்றார் அத்தை. "இல்லைங்க அத்தை, கண்ணுக்குத் தெரியறதுதான் சாகும், மத்தது உள்ள போய் ஒளிஞ்சுக்கும்" என்று சொல்லி, ஒட்டிக்கிடந்த பெண் கரப்பானைக் காட்டினேன். வயிற்றின் நுனியில் முட்டைக்கூடு. ஒரு கூட்டில் 30, 40 முட்டை. பொரிக்கும் நேரம் வரை சுமந்தே திரியும். கூட்டுக்குள் மருந்து எளிதில் இறங்காது.

அதனால் ஃபிப்ரோனில் ஜெல், அதாவது பூச்சிமருந்து கலந்த இரை. பாசிப்பருப்பு அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டாக, கீலிலும் இடுக்கிலும் நிறைய இடங்களில் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் பிதுக்கினால் பயனில்லை. அதன் அருகே ஸ்பிரேயோ ஃபினாயிலோ பட்டால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. இரவில் அடுப்பு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, குப்பையை வெளியே வைத்து, சிங்க்கைக் காயவிட வேண்டும். வேறு தீனி கிடைத்தால் ஜெல்லை எதற்குத் தின்னும்?

ஃபிரிட்ஜின் அடியில், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் போரிக் பவுடரை மெல்லிய படலமாகத் தூவினேன். குவித்துப் போட்டால் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஜூலை 12, சனி

பகலிலேயே தள்ளாடி வருகின்றன. நல்ல அறிகுறி. மருந்து மெதுவாக வேலை செய்வதுதான் ஜெல்லின் பலம். தின்றது ஒளியும் இடத்துக்குத் திரும்பிச் சாகும். அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று மற்றவையும் குஞ்சுகளும் சாகும்.

ஜூலை 27, ஞாயிறு

அட்டையில் பொடிக்குஞ்சுகள். மிச்சமிருந்த முட்டைக்கூடுகள் பொரித்திருக்கின்றன. இங்கே நிறுத்தினால் எல்லாம் வீண். இவை வளர்ந்து முட்டையிட இரண்டு, மூன்று மாதம் போதும். காய்ந்த பொட்டுகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தேன், இம்முறை வேறு மருந்துள்ள வேறு ஜெல். அமெரிக்காவில் குளுக்கோஸ் கலந்த இரையைச் சில கரப்பான் கூட்டங்கள் தொடவே மறுத்தன. அவற்றுக்குக் குளுக்கோஸ் கசப்பாகப் படுகிறது என்பதை 2013இல் கண்டுபிடித்தார்கள். ஒரே இரையை நம்பி இருக்கக் கூடாது.

மளிகை வரும் அட்டைப்பெட்டிகளை இனி வாசலிலேயே பிரித்துவிடுகிறோம். அதன் மடிப்புக்குள் ஒளிந்துதான் பல வீடுகளுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அட்டைகள் காலி. சிங்க் குழாயைச் சுற்றி வெள்ளைச் சிமென்ட் பூசியாயிற்று. எங்கள் குழாய் கீழ்வீட்டோடு சேர்ந்தே இறங்குவதால் அந்த அக்காவிடமும் பேசினேன். அவர்கள் வீட்டிலும் அதே சின்னக் கரப்பான். அடுத்த ஞாயிறு இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் ஜெல் வைக்கிறோம். அட்டைகளை இன்னும் எடுக்கவில்லை.