யமகோஷி மலையில் ஒரு கொஹாக்கு

கோய் என்கிற வண்ணக் கெண்டை மீனை வாங்க ஜப்பான் போகிறவர்கள் பெரும்பாலும் அக்டோபரில்தான் போகிறார்கள். பனி விழுவதற்கு முன்னால், மலையில் இருக்கும் மண்குளங்களில் தண்ணீரை வடித்து, கோடை முழுக்க அங்கே வளர்ந்த மீன்களைப் பண்ணைக்காரர்கள் வெளியே எடுக்கிற மாதம் அது. மே கடைசியிலோ ஜூனிலோ குளத்தில் விட்ட மீன் எப்படி வந்திருக்கிறது என்பது, அதுவரை அதை விட்டவருக்கே சரியாகத் தெரியாது. தண்ணீர் கலங்கலாக இருக்கும். தீனி போடும்போது முதுகு ஒரு நொடி தெரிந்து மறையும், அவ்வளவுதான்.

நான் போனதும் முக்கியமாக அதைப் பார்க்கத்தான். வீட்டில் உட்கார்ந்தபடியே வீடியோ பார்த்து ஜப்பான் கோய் வாங்கலாம், பலரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் இந்த மீனின் விலை ஏன் இப்படி இருக்கிறது என்று புரிய வேண்டுமானால், அது வளர்கிற சேற்றில் ஒரு தடவையாவது கால் வைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

டோக்கியோவிலிருந்து ஜோயெட்சு ஷின்கான்சென் அதிவேக ரயிலைப் பிடித்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் நாகவோகா வந்துவிடுகிறது. வழியில் ஒரு நீளமான சுரங்கம். அதைத் தாண்டினால் நீகாட்டா மாகாணம். ஸ்டேஷனில் எங்கள் ஏஜென்ட் வண்டியோடு காத்திருந்தார். தமிழ்க்காரர், ஜப்பானில் வெகுகாலமாக இருப்பவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பண்ணைக்காரர்களில் பலர் ஜப்பானிய மொழி மட்டுமே பேசுவார்கள், அதோடு முன்பின் தெரியாத ஆள் தனியாகப் போய் நின்றால் நல்ல மீன் வெளியே வராது. அதனால் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிற கமிஷன் வீண் செலவே இல்லை.

நாகவோகாவிலிருந்து யமகோஷிக்கு ஏறும் பாதை முழுக்க வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சரிவில் அடுக்கடுக்காக நெல் வயல்கள், நடு நடுவே வயல் அளவிலேயே குளங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எது வயல், எது குளம் என்று தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. இங்கே மழையையும் உருகிய பனியையும் சேர்த்துவைக்கக் குளம் வெட்டினார்கள், அதில் சாப்பாட்டுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். குளிர்காலத்தில் பல மாதம் பனி அடைத்துவிடும் ஊரில் மீன் என்பது பெரிய விஷயம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கறுப்புக் கெண்டைகளுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமாகச் சில குஞ்சுகள் தென்பட, விவசாயிகள் அவற்றைத் தின்னாமல் தனியே வைத்து இனம் சேர்த்தார்கள். 1914இல் டோக்கியோவில் நடந்த தைஷோ கண்காட்சியில் வைத்த பிறகுதான் வெளியுலகம் இந்த மீனைக் கவனித்தது. யமகோஷியும் பக்கத்து ஊரான ஓஜியாவும்தான் இதன் தாய்வீடு. இன்றைக்கும் பல பண்ணைக்காரர்கள் நெல்லும் போடுகிறார்கள், மீனும் வளர்க்கிறார்கள்.

முதல் நாள் காலையிலேயே ஒரு குளத்தில் மீன் எடுப்பதைப் பார்க்கக் கிடைத்தது. முந்தின நாளே தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது முட்டளவுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர், சாம்பல் நிறத்தில் களிமண் கரைசல். மார்பு வரை ரப்பர் உடை போட்ட ஆட்கள் ஒரு கரையிலிருந்து நீள வலையை மெதுவாக இழுத்து வந்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வந்து ஒரு கை பிடித்தார்கள். இன்றைக்கு இவர் குளம், நாளைக்கு அவர் குளம் என்று முறை வைத்துக்கொண்டு உதவுகிறார்கள். வலை மூலைக்கு வந்து குறுகக் குறுகத் தண்ணீர் கொதிப்பது போலப் புரண்டது. ஆனால் நிறம் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் சேறு.

அப்புறம் பண்ணைப் பெரியவர் குனிந்து, இரண்டு பக்கமும் திறந்த நீளப் பை போன்ற துணிவலைக்குள் ஒரு மீனை நடத்திவிட்டார். நடத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். கையால் தூக்கவே இல்லை. முகத்தைப் பையின் வாய்க்குத் திருப்பி, வாலுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார், மீன் தானாக உள்ளே போனது. இந்த அளவு மீனைச் சாதாரண வலையில் அள்ளித் தூக்கினால் அதன் சொந்த எடையே முதுகெலும்பையும் துடுப்பையும் கெடுத்துவிடும். தண்ணீரோடு சேர்த்துப் பையை இரு முனையிலும் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றிக் கரைக்கு ஏற்றினார்கள். மேலே சின்ன லாரியில் ஆக்சிஜன் ஓடுகிற தொட்டி. அதில் விழுந்ததும் சேறு விலகி முதுகு தெரிந்த அந்தக் கணத்தில், பெரியவரின் மகன் தொட்டி விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மீனுக்கும் அப்படியே பார்த்தார். சிலவற்றுக்குத் தலையாட்டினார், சிலவற்றுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடத்து உழைப்பின் மதிப்பெண் அங்கேதான் தெரிகிறது.

இந்த மீன்கள் அந்தக் குளம் வரைக்கும் வந்து சேர்ந்ததே பெரிய கதை. ஒரு பெரிய தாய்மீன் ஒரு தடவைக்குச் சில லட்சம் முட்டை இடும். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு உள்ள கொஹாக்கு இனத்தின் குஞ்சுகளை ஒன்றரை, இரண்டு மாதத்தில் முதல் தரம் பிரிப்பார்கள், அப்புறம் இலையுதிர்காலத்துக்குள் இன்னும் இரண்டு மூன்று தடவை. கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் கலந்த ஷோவா இனத்துக்கு இன்னும் சீக்கிரம்: பொரித்த சில நாட்களிலேயே, நூலிழை அளவு இருக்கும்போது, கறுப்பாகத் தெரிகிற குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள். கடைசியில் நூற்றுக்கு ஒன்று மிஞ்சுவதே அரிது. அந்த ஒன்றிலும் மிகச் சிலதான் 'தாத்தேகோய்', அதாவது இனிமேல்தான் மெருகேறும் என்று பண்ணைக்காரர் நம்பித் தன்னிடமே வைத்துக்கொள்கிற மீன். கண்ணில் பட்டதும் வாங்கத் தோன்றுகிற மீன் அநேகமாக இந்த ரகமாக இருக்காது.

அதை எனக்குப் புரியவைத்தது மதியம் பண்ணைக் கூடாரத்தில் நடந்தது. ஒரு பெரிய நீல வட்டத் தொட்டியில் இரண்டு வயதுப் பெட்டை கொஹாக்கு இரண்டை விட்டார்கள். இரண்டும் அரை மீட்டர் இருக்கும். முதல் மீனின் சிவப்பு மூன்று திட்டாக, நடு நடுவே வெள்ளை விட்டு, அப்படியே வரைந்துவைத்த மாதிரி. அடர்த்தியான சிவப்பு, நாலு பக்கமும் கத்தியால் வெட்டிய விளிம்பு. இரண்டாவதின் சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, மென்மையாக இருந்தது. திட்டுகளின் முன் விளிம்பில் வெள்ளைச் செதிலுக்கு அடியில் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. கோலமும் சாதாரணம்தான். நான் முதல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மெல்லச் சொன்னார்: "தம்பி, சிவப்பை விடுங்க. முதல்ல உடம்பைப் பாருங்க, அப்புறம் தோலு, கடைசியாத்தான் கோலம்."

பார்த்தேன். இரண்டாவது மீனுக்குத் தோள் அகலம், வால் சேருகிற இடமும் தடிமன். அது இன்னும் வளரும் என்பதற்கு அடையாளம் அந்த வால் அடிதான். வெள்ளைத் தோலில் ஒரு பொட்டு மஞ்சளில்லை, ஈரப் பளபளப்பு. முன் விளிம்பில் தெரிந்த அந்த மங்கலுக்குச் 'சாஷி' என்று பெயர். சிவப்பு இன்னும் முதிரவில்லை, இடம் இருக்கிறது என்பதைக் காட்டுவது. பின் விளிம்புக்குக் 'கிவா', அது கூர்மையாக இருக்க வேண்டும். இந்த மீனுக்கு இருந்தது. முதல் மீனோ இரண்டு வயதிலேயே முடிந்துபோன மீன். இன்றைக்கு மிக அழகு, ஆனால் இதற்கு மேல் அழகாகாது, பெரிதாகப் பெரிதாக அந்தச் சிவப்பு உடையவும் கூடும். பெரியவரிடம் எது நல்லது என்று கேட்கச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டாவது மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே போதும்.

கோலத்தை வைத்து மீன் வாங்குவது தப்பென்று சொல்ல மாட்டேன். குளத்தில் ஓடும்போது கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஆனால் உடம்பு வராத மீனில் எந்தக் கோலமும் நிற்காது. சாங்கே, ஷோவா போலக் கறுப்பும் சேர்ந்த இனங்களை வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தோலுக்கடியில் நீலச் சாம்பலாகக் கிடக்கிற கறுப்பு மேலே வர வருடங்கள் ஆகும், அதுவரை பொறுக்கத் தெரிய வேண்டும்.

டீ கொடுத்தார்கள், கூடவே நறுக்கிய பெர்சிமன் பழம். பேச்சு 2004க்குப் போனது. அந்த வருடம் அக்டோபர் 23ஆம் தேதி மாலை, இந்த மலைக்கு அடியிலேயே 6.8 அளவில் நிலநடுக்கம். சாலைகள் எல்லாம் அறுந்துபோய், யமகோஷி கிராமத்தையே ஹெலிகாப்டரில் காலி செய்தார்கள். குளங்கள் வெடித்துத் தண்ணீர் வடிந்தது, மின்சாரம் போய்க் காற்று மோட்டார்கள் நின்றன, தலைமுறையாகச் சேர்த்த தாய்மீன்கள் ஏராளமாகச் செத்தன. நாங்கள் குளக்கரையில் நின்ற அதே பருவம். மண்சரிவு ஆற்றை அடைத்ததில் கோகோமோ என்ற குக்கிராமம் மூழ்கியது, அந்த வீடுகளில் சிலவற்றை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் நின்று பார்த்தோம், கூரை மட்டம் வரை மண். அத்தனைக்கும் பிறகு இவர்கள் மறுபடியும் மலையேறி வந்து, குளத்தைத் திருத்தி, மிஞ்சிய மீனை வைத்து இனத்தை மீட்டிருக்கிறார்கள். எனக்கு இவர்கள் மேல் இருக்கிற மரியாதைக்கு அளவே இல்லை.

விலை விஷயம். கோய் என்றதும் எல்லோரும் கேட்பது 2018இல் ஹிரோஷிமாவின் சகாய் பண்ணையில் ஏலம் போன கொஹாக்குவைப் பற்றி. 101 செ.மீ. நீளம், 20 கோடியே 30 லட்சம் யென். அது வேறு உலகம். ஒரு வயதுக் குஞ்சு சில ஆயிரம் யென்னிலிருந்தே கிடைக்கும். நான் எடுத்த இரண்டாவது மீனுக்குப் பேசி முடித்தது 2 லட்சத்து 80 ஆயிரம் யென். இங்கே பேரம் என்று பெரிதாகக் கிடையாது. அண்ணன் கால்குலேட்டரில் ஒரு எண்ணைக் காட்டினார், பெரியவர் ஒரு எண்ணைக் காட்டினார், முடிந்தது. அதிகம் அழுத்திக் கேட்டால் அடுத்த தடவை நல்ல மீனைக் காட்ட மாட்டார்கள் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்.

மீனை நான் எடுத்து வரவில்லை, பண்ணையிலேயே விட்டிருக்கிறேன். இதற்கு 'அஸுகாரி' என்று பெயர். குளிர்காலம் கூடாரத் தொட்டியில் இருக்கும், அடுத்த கோடைக்கு மறுபடி மண்குளம். குளத்துக் களிமண்ணும் அதில் இயற்கையாக ஊறுகிற பூச்சி புழுவும் தருகிற வளர்ச்சியை எந்த சிமென்ட் தொட்டியும் தராது. வளர்ப்புச் செலவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இடையில் மீன் செத்தால் நஷ்டம் என்னுடையது, எனக்குச் சொன்ன ஏற்பாடு அதுதான். அஸுகாரியில் விடுகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பண்ணைக்குப் பண்ணை மாறும்.

கூடவே எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு: கையில் வாங்கி விமானத்தில் ஏறுகிற விஷயமில்லை. அனுப்புவதற்குப் பல நாள் முன்பிருந்தே பட்டினி போடுவார்கள், இல்லாவிட்டால் பைக்குள் கழிவு சேர்ந்து தண்ணீர் கெடும். பிறகு தண்ணீரைக் குளிர்வித்து, கொஞ்சம் தண்ணீர் நிறைய ஆக்சிஜன் என்று இரட்டைப் பையில் கட்டி அட்டைப்பெட்டியில் வைப்பார்கள். நோய்ச் சான்றிதழ் தனி. கோய் ஹெர்பீஸ் வைரஸ் ஜப்பானில் 2003இல் தென்பட்டதிலிருந்து இதில் எல்லோரும் கறாராக இருக்கிறார்கள். ஒரு பண்ணைத் தண்ணீரில் நனைந்த கையோடு இன்னொரு பண்ணைத் தொட்டியைத் தொடாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், மீன் கைக்கே வந்து உரசும். கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

போகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் எடுத்துப்போங்கள், மலையில் அக்டோபர் காலை நல்ல குளிர். ஓஜியாவில் நிஷிகிகோய் நோ சாத்தோ என்ற அருங்காட்சியகத்தை முதல் நாளே பார்த்துவிட்டால் இனங்கள் பிடிபடும், பண்ணையில் பேச்சு சுலபமாகும். அங்கேயே கடற்பாசி சேர்த்துப் பிசைந்த ஹெகி சோபா நூடுல்ஸ் கிடைக்கும், மரத்தட்டில் சுருள் சுருளாக வைத்துத் தருவார்கள், அருமை. நவம்பர் பாதிக்கு மேல் போனால் குளங்கள் காலியாகிவிடும், மீனைக் கூடாரத்தில் மட்டும்தான் பார்க்கலாம். வாங்க மட்டும் போகிறவர்களுக்கு அதுவும் பரவாயில்லை.