டிவிஏ-சி02 தேர்ச்சி: ஒரு கோப்ளின் சண்டையைக் கட்டிப் படித்த அனுபவம்

நேற்று இரவு முடிவு வந்தது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் நடத்தும் டெவலப்பர் அசோசியேட் சான்றிதழ் தேர்வில் (டிவிஏ-சி02) தேர்ச்சி, தேர்ச்சி மதிப்பெண்ணான 720-ஐ நன்றாகவே தாண்டியிருக்கிறேன். இன்னொரு முறை 150 டாலர் கட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதி இருக்கிறதே, அது பெரிய நிம்மதி. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தேர்வில் வந்த கேள்விகளை மட்டும் கேட்காதீர்கள். வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுத உட்கார்கிறோம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். எந்தச் சேவையைப் படித்தாலும், "இந்த வேலை இரண்டு முறை நடந்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். லாம்ப்டா (நிரலை ஓட்டுவது), எஸ்க்யூஎஸ் (செய்தி வரிசை), டைனமோடிபி (தரவுத்தளம்), ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் (வேலைகளைப் படிப்படியாக ஓட்டுவது) எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

கையால் செய்து பார்க்காமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது. பணம் கட்டிச் சேர்ந்த ஒரு பயிற்சி வகுப்பில் பழைய கேள்வி-பதில் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதில் பல விடைகள் தப்பு. அந்தக் கோபத்தில்தான் எனக்குப் பிடித்த ஒன்றையே கட்டிப் படிப்பது என்று முடிவு செய்தேன்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள். ஒரு வீரன், ஒரு கோப்ளின் (குட்டி அரக்கன்). கோப்ளினின் கவச எண் 15, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 7. இருபது முகப் பகடையை உருட்டி, வீரனின் கூடுதல் எண்ணைச் சேர்த்து, 15 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழும். இதை ஸ்டெப் ஃபங்ஷன்ஸில் வரைவது சுலபம். ஒவ்வொரு படிக்கும் நிலை என்று பெயர். பகடை, தரவைத் தயாரித்து அடுத்த படிக்கு அனுப்பும் ஒரு பாஸ் நிலை. அடி பட்டதா என்று பார்க்க ஒரு சாய்ஸ். ஹெச்பியைக் குறைக்க லாம்ப்டாவை அழைக்கும் ஒரு டாஸ்க். ஹெச்பி தீர்ந்தால் சக்சீட் (வெற்றிகரமான முடிவு), தீராவிட்டால் எதிராளியின் முறை. பகடைக்கு லாம்ப்டாகூட வேண்டாம், இரண்டு எண்களுக்கு இடையே ஏதாவது ஓர் எண்ணைத் தரும் ஸ்டேட்ஸ்.மேத்ரேண்டம் போதும். அதில் இரண்டாவது எண் கணக்கில் சேராது. அதனால் 1, 21 என்று கொடுங்கள். 1, 20 என்று கொடுத்தால் 20-க்குக் கிடைக்கும் கிரிட்டிக்கல் அடி விழவே விழாது.

இப்போது, ஒரு நிலையின் விடை எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ரிசல்ட்பாத்தை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பகடை எண் மட்டும் மிஞ்சும். வீரனும் கோப்ளினும் காணாமல் போயிருப்பார்கள். ஒரு நிலையின் விடை, உள்ளே வந்த தரவு முழுவதையும் மாற்றிவிடும் என்பதுதான் இயல்பான நடத்தை. "$.பகடை" என்று ஓர் இடம் கொடுத்தால் விடை அங்கே போய் உட்காரும். (இதெல்லாம் தரவைக் கையாளும் பழைய ஜேசன்பாத் முறையில். 2024 நவம்பரில் வந்த ஜேசோனாட்டா முறையில் ரிசல்ட்பாத் கிடையாது.)

அடுத்த சோதனைக்குத்தான் நேரம் ஒதுக்கச் சொல்கிறேன். ஹெச்பியைக் குறைக்கும் லாம்ப்டா, டைனமோடிபியில் எழுதி முடித்ததும் 5 விநாடி தூங்கட்டும். லாம்ப்டாவின் டைம்அவுட் (ஓட அனுமதிக்கும் நேரம்) இயல்பாக 3 விநாடிதான். டாஸ்க்கில் ரீட்ரை (தோற்றால் மறுபடி முயல்வது) போடுங்கள். அதன் இயல்பான எண்களை மாற்றவே வேண்டாம். அடி 4 புள்ளி என்று வையுங்கள். முதல் முயற்சியில் 7 போய் 3 ஆகும். எழுதியாகிவிட்டது, ஆனால் பதில் வராமல் டைம்அவுட். 1 விநாடி பொறுத்து மறுபடியும் அடி, அப்புறம் 2, அப்புறம் 4 விநாடி கழித்து. கடைசியில் அட்டவணையில் கோப்ளினின் ஹெச்பி மைனஸ் 9. வீரன் வாளை ஓங்கியது ஒரே ஒரு தடவை!

இதற்கு மருந்து டைனமோடிபியின் கண்டிஷன் எக்ஸ்பிரஷன், அதாவது எழுதுவதற்கு முன் பார்க்கும் நிபந்தனை. ஒவ்வொரு அடிக்கும் முறை எண் கொடுத்து, அட்டவணையில் இருக்கும் கடைசி முறை எண் அதைவிடச் சிறியதாக இருந்தால் மட்டும் எழுதச் சொல்லுங்கள். நிபந்தனை பொய்த்தால், "இந்த அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது" என்று லாம்ப்டா அமைதியாகத் திரும்பட்டும். மறுபடி ஓட்டினால் ஹெச்பி 3-லேயே நிற்கும், சண்டை தொடரும். ஐடெம்பொட்டன்சி (ஒரே வேலை எத்தனை முறை நடந்தாலும் விளைவு ஒன்றே) என்ற சொல் அந்த 3-ஐப் பார்த்த பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

இதே சண்டையிலிருந்து வேறு சில:

- வீரனின் முறையில் ஆட்டக்காரர் முடிவெடுக்கும் வரை நிறுத்தி வைக்க டாஸ்க் டோக்கன் (பதில் வந்ததும் ஓட்டத்தைத் தொடர உதவும் அடையாளம்) வேண்டும். ஸ்டெப் ஃபங்ஷன்ஸில் ஸ்டாண்டர்ட், எக்ஸ்பிரஸ் என்று இரண்டு வகை; அது ஸ்டாண்டர்டில் மட்டும்தான், எக்ஸ்பிரஸில் கிடையாது.
- ஸ்டாண்டர்ட் ஓராண்டு வரை ஓடும், எக்ஸ்பிரஸ் 5 நிமிடம். பின்னணியில் ஓடும் எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஓடக்கூடும். மேலே சொன்ன மைனஸ் 9-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.
- இரு பக்கமும் மருத்துவர்கள் இருந்தால் சண்டை முடியாமல் இழுக்கும். ஸ்டாண்டர்டில் ஓர் ஓட்டத்தின் வரலாற்றில் 25,000 நிகழ்வுகள்தான் அடங்கும். அதற்குள் புதிய ஓட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும்.
- மாதம் 4,000 நிலை மாற்றங்கள் இலவசம். ஒரு சுற்றுக்கு 8 என்றால் 500 சுற்று. படிக்க இது தாராளம்.
- எஸ்க்யூஎஸ் விசிபிலிட்டி டைம்அவுட் (எடுத்த செய்தி மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நேரம்) இயல்பாக 30 விநாடி. லாம்ப்டா அதைவிட அதிக நேரம் எடுத்தால் அதே செய்தி மறுபடி வரும். அதே நோய், அதே மருந்து.

தேர்வில் பாதுகாப்புப் பகுதிக்கு 26 சதவீதம், அதை இந்தச் சண்டை தொடவே இல்லை. ஐஏஎம் (அனுமதிகள்), கேஎம்எஸ் (குறியாக்கச் சாவிகள்), காக்னிட்டோ (பயனர் உள்நுழைவு) மூன்றையும் தனியாக உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் சான்றிதழ் கணக்கில் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பதிவு செய்த பிறகு கேட்டால் அந்தத் தேர்வுக்குச் சேராது. 130 நிமிடம் 160 ஆகும்.