ஓட்டில்லாதவளின் கையெழுத்து

இலங்கை மன்னாரிலிருந்து வந்து சென்னை ராயபுரத்தில் குடியேறினவள் நான். காசிமேட்டுக் கவிச்சியும் மீன்பாடி வண்டிச் சத்தமும் ஊர் ஞாபகத்தில் சீக்கிரமே ஒட்டிக்கொண்டன. வாய் திறக்கத்தான் நாளாயிற்று.

எங்கள் மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசு ஆணைக்குழு முன்னால் ஒரு கணக்கு வைத்தார். கச்சேரி என்கிற மாவட்ட அரசு அலுவலகப் பதிவின்படி 2008 ஒக்டோபரில் யுத்தம் நடந்த வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். யுத்தம் முடிந்து அரசாங்கத்தின் பக்கம் வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேர் எங்கே? அரசாங்கத்தின் பதிவையும் ஐ.நா. கணக்கையும் வைத்தே அரசாங்கத்தைக் கேட்டார். விசுவாசம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கழித்தல் கணக்குதான்.

இங்கே எனக்கு ஓட்டு இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் கிறிஸ்தவர்களுக்கு வழி விட்டது. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அகதிகள் என்று போலீஸ் பதிவில் இருக்கிற நாங்கள் ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்பது என் மனிசனின் வாதம்.

ஒருநாள் எங்கள் தெரு அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கூடும் செபக் கூட்டத்தில், பைபிளின் எரேமியா 29 வாசித்தோம். நாடுகடத்தப்பட்டுப் போன நகரத்தின் நலனைத் தேடச் சொல்லும் பகுதி. முடிந்ததும் மீன் விற்கிற அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மஞ்சள் தண்ணீர், அடியில் கறுப்பாய் வண்டல். மூடியைத் திறந்ததும் சாக்கடை வாடை. செபப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே பாட்டிலை வைத்துவிட்டு, "இன்னாம்மா, உனக்கு எழுத்து முத்து முத்தா வருதே, மனுவ நீயே எழுதிக் குடு" என்றார்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர், சக்கரைச் செட்டியாரைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னார். கிறிஸ்தவ இறையியல் எழுதிய அந்த மனிதர் தொழிற்சங்கக்காரர், 1941-இல் மதராஸ் மேயர், பிறகு ஏ.ஐ.டி.யு.சி. என்கிற அகில இந்தியத் தொழிற்சங்க அமைப்பின் தலைவர். தேர்தல் நேரத்தில் யாருக்குப் போடவேண்டும் என்று பிரசங்கத்தில் சாடை காட்டுகிறார்களே, அது எனக்குத் துளியும் பிடிக்காது. சக்கரைச் செட்டியார் தொழிற்சங்கத்தில் போய் உட்கார்ந்தாரே, அது பிடிக்கிறது.

மனு எழுதினேன். தெருவில் எல்லா மதக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டில்லாதவள் போடலாமா என்று தயங்கினபோது அக்கா சிரித்தார்: "தண்ணி நீயும்தானே குடிக்கிற?" போட்டேன். மனிசன் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எங்கள் தெருவுக்குக் குழாய் மாற்றியாயிற்று. பின்தெருவுக்கு இன்னும் இல்லை. அவர்களுக்கும் மனு நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.