கருவைப் பார்த்தே இராத கடிகாரம்

கருவின் வயது முதலில் குறைந்து அடிமட்டத்தைத் தொட்டு, அதற்குப் பிறகே மூப்பு தொடங்குகிறது என்பது என் ஸ்லைடு ஒன்றின் வாதம். டிஎன்ஏவில் உள்ள வேதிக் குறிகளை வைத்து உடலின் வயதைக் கணிக்கும் கணக்கு முறைகள்தான் அதற்கு ஆதாரம்; அவற்றைக் 'கடிகாரம்' என்போம். "பிறந்த எலிகளை வைத்துப் பழக்கிய கடிகாரத்திடம் போய்க் கருவின் வயதைக் கேட்கிறோமே, அதை எப்படி நம்புவது சார்?" என்று புதிதாகச் சேர்ந்த மாணவி லேப் மீட்டிங்கில் கேட்டார். "ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் அதையேதான் சொல்கின்றன" என்றேன். சரி என்று தலையாட்டி எழுதிக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

பதில் பொய்யில்லை. 2021-ல் மூப்பு ஆய்வாளர் கிளாடிஷேவின் குழு வெளியிட்ட ஆய்வும் அதைத்தான் காட்டியது. டிஎன்ஏ மெத்திலேற்றத்தை, அதாவது டிஎன்ஏவில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் ஒட்டியிருப்பதை, வைத்து வயதைக் கணிக்கும் இந்தக் கடிகாரங்கள், சுண்டெலிக் கருவின் ஆறரை ஏழரை நாள் வாக்கில், அதாவது உறுப்புகளுக்கெல்லாம் அடிப்படையான மூன்று படலங்கள் உருவாகும் கட்டத்தில், அடிமட்டத்துக்கு இறங்கி அப்புறம் ஏறுகின்றன. கருவுற்றதும் மெத்தில் குறிகள் பெருமளவு அழிகின்றனவே, அதன் விளைவுதானே என்றால் அதற்கும் பதில் உண்டு: அந்த அழிப்பு உச்சத்தைத் தொடுவது மூன்றரை நாள் வாக்கில், கரு கருப்பையில் பதியும் முன்பு, ஆறரை நாளுக்குள் குறிகள் பெரும்பாலும் திரும்பிவிடும்.

ஆனால் அந்தக் கடிகாரங்கள் எல்லாமே பெரும்பாலும் பிறந்த விலங்குகளின் திசுக்களில் பழக்கப்பட்டவை. ஒரே நோட்ஸைப் படித்த நாலு பேர் ஒரே விடை எழுதினால் அது நாலு சாட்சியா? அவர் அடுத்து இதைத்தான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, நானும் எடுத்துக்கொடுக்கவில்லை.

சரி, தாயின் கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவானவை, ஆனாலும் குழந்தை அவள் வயதோடு பிறப்பதில்லை. எங்கோ ஓரிடத்தில் வயது பூஜ்யத்துக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உடனே மரபணுப் பிறழ்வுகள் நினைவுக்கு வந்து தொலைக்கின்றன. முதல் சில செல் பிரிவுகளில் நேர்ந்த பிழை உடம்பின் கணிசமான செல்களில் ஆயுசுக்கும் தங்கலாம். அதை வைத்துப் பார்த்தால் கரு முதல் நாளிலிருந்தே மூப்படைகிறது, இளமை திரும்புவதாவது ஒன்றாவது.

சேதமடைந்த புரதங்கள் மாதிரி வேறெதையாவது அளந்தால்தான் இது தீரும். ஆனால் ஆறரை நாளில் உடலாக மாறப்போகும் பகுதியில் இருப்பது சில நூறு செல்கள். அதில் மெத்திலேற்றத்தை அளக்கலாம், மற்றதெல்லாம் பெரும்பாடு. அளக்க முடிந்ததையே வயது என்று சொல்லிப் பழகிவிட்டோமோ? அடுத்த மீட்டிங்குக்கும் அதே ஸ்லைடுதான், அடியில் 'பிறந்த விலங்குகளில் பழக்கியது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் சின்னது.