மொட்டை மலைகளுக்கு நடுவே ஒரு மேலாளரின் மாளிகை

டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டிலிருந்து மேற்கே லையல் நெடுஞ்சாலையில் சுமார் 260 கிலோமீட்டர் போனால் குயின்ஸ்டவுன் வரும். வழியின் கடைசிப் பகுதியெல்லாம் மழைக்காடு. லிண்டா என்ற ஊரின் இடிந்த ஹோட்டல் சுவர்களைத் தாண்டி, கோர்மன்ஸ்டனுக்கு மேலே சாலை ஏறி வளைந்து இறங்கத் தொடங்கும்போது காடு சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் வெறும் பாறை. இளஞ்சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாக, மண்ணே இல்லாத மலைகள். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழை பெய்கிற பகுதி இது. தண்ணீர் இல்லாமல் மொட்டையான இடம் அல்ல.

இந்த மலைகளை இப்படி ஆக்கிய தொழிலுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் கார்ல் ஸ்டிக்ட். 1856ல் அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஹோபோக்கனில் பிறந்த ஜெர்மானிய வம்சாவளிக்காரர். ஜெர்மனியின் கிளவுஸ்தால் சுரங்கக் கல்லூரியில் படித்துவிட்டு, கொலராடோ, மான்டானா உருக்காலைகளில் வேலை பார்த்தவர். 1895ல், குயின்ஸ்டவுனில் தாமிரத் தாதுவை வெட்டி உருக்கிய மவுண்ட் லையல் கம்பெனி அவரை உலோகவியலாளராக அழைத்துக்கொண்டது. இரண்டே வருடத்தில் பொது மேலாளர் ஆகிவிட்டார். சாகும்வரை, கால் நூற்றாண்டு, அந்தப் பதவியில் இருந்தார்.

அவர் பெயர் உலோகத் தொழிலில் நிலைத்ததற்குக் காரணம் ஓர் உருக்கும் முறை. தாமிரத் தாதுவை உருக்கச் சாதாரணமாகக் கோக் கரி வேண்டும். குயின்ஸ்டவுன் மாதிரி ஒரு மூலைக்குக் கப்பலிலும் ரயிலிலும் கரி கொண்டுவருவதென்றால் லாபமெல்லாம் அதிலேயே போய்விடும். ஆனால் இந்த மலையின் தாதுவில் இரும்பும் கந்தகமும் ஏராளம். உலைக்குள் காற்றைச் சரியான அளவில் ஊதினால் அந்தக் கந்தகமும் இரும்புமே எரிந்து வெப்பம் தரும். தாதுவே தனக்கான விறகு. பலரும் முயன்று அரைகுறையாக விட்ட இந்த முறையை, 1900களின் தொடக்கத்தில் கரியே ஏறத்தாழ இல்லாமல் பெரிய அளவில் நடத்திக் காட்டினார் ஸ்டிக்ட். உலகெங்கும் உருக்காலைக்காரர்கள் அதைக் கவனித்தார்கள்.

எரிந்த கந்தகம் புகைபோக்கி வழியாக ஊருக்கு வந்தது. காற்று நின்ற நாட்களில் பள்ளத்தாக்கில் அப்படியே படுத்துக்கொண்டது. மரங்களில் பாதியை உலைக்கும் சுரங்கத்துக்கும் வெட்டினார்கள். மிச்சத்தைப் புகை கொன்றது. காட்டுத்தீ வந்து அடிக்கட்டைகளை எரித்தது. பிடிக்க வேரில்லாத மண்ணை மழை அடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான் கதை. யாரும் இங்கே சோம்பேறித்தனமாக வேலை செய்யவில்லை. கெட்டிக்காரத்தனமான ஒரு கணக்கு சரியாக வேலை செய்ததன் விளைவு இது என்பதுதான் என்னை அந்த ஊரில் நிம்மதியாக நடக்கவிடவில்லை.

ஊருக்கு மேலே ஒரு குன்றில் பெங்கானா என்ற மாளிகை நிற்கிறது. கம்பெனி 1898ல் ஸ்டிக்டுக்காகக் கட்டியது. இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் வசம் இருக்கிறது. விருந்தினர் தங்கும் இல்லமாக நடந்திருக்கிறது. குன்றைச் சுற்றி அடர்ந்த தோட்டம். அங்கிருந்து பார்த்தால் தெருக்கள், தகரக் கூரைகள், புல்லே இல்லாமல் சரளை பரப்பிய கால்பந்து மைதானம், அப்புறம் மலைகள். இந்த வீட்டில் உட்கார்ந்துதான் ஸ்டிக்ட் பழைய ஐரோப்பிய ஓவியர்களின் கோட்டோவியங்களையும், அச்சுக்கலையின் தொடக்க கால நூல்களையும் தாள்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். உலகத்தின் ஒரு கோடியில் இப்படி ஒரு சேகரிப்பு! அவருக்கு அழகு தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்ததை அவர் எப்படிப் பார்த்தார் என்ற கேள்விதான் எனக்குத் தீரவில்லை.

1912 அக்டோபர் 12. கம்பெனியின் நார்த் லையல் சுரங்கத்தில் 700 அடி மட்டத்தில் இருந்த பம்ப் அறை தீப்பிடித்தது. தீயைவிடப் புகைதான் ஆளைக் கொன்றது. புகைக்குள் இறங்கத் தேவையான சுவாசக் கவசங்கள் அங்கே இல்லை. விக்டோரியாவிலிருந்து லூங்கானா என்ற கப்பலில் கடல் தாண்டிக் கொண்டுவந்து, அங்கிருந்து ரயிலில் ஏற்றி விரட்டினார்கள். நான்கு நாட்களுக்குப் பிறகு ஐம்பது பேர் போல உயிரோடு மேலே வந்தார்கள். 42 பேர் வரவில்லை. தீயை அணைக்கச் சுரங்கத்தில் தண்ணீரை நிரப்ப வேண்டியிருந்ததால் எல்லா உடல்களையும் எடுத்து முடிக்க மாதக்கணக்கில் ஆனது. உள்ளே மாட்டிக்கொண்ட ஜோ மெக்கார்த்தி தன் மனைவி ஆக்னஸுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்திருந்தார். உனக்கும் குழந்தைக்கும் கொஞ்சமாவது ஏற்பாடு செய்துவைத்தேனே, அது போதும் என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். மூச்சு முட்டும் இடத்தில் உட்கார்ந்து ஒரு மனிதன் வீட்டுக் கணக்கை நினைத்திருக்கிறான்.

தீ எப்படிப் பற்றியது என்பது கடைசிவரை முடிவாகவில்லை. பம்பின் மின் மோட்டார் மீது சிலருக்குச் சந்தேகம். யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்று நிர்வாகத் தரப்பில் பேச்சு. விசாரணை நடந்தது, கம்பெனி நடந்தது, ஸ்டிக்டும் பதவியில் தொடர்ந்தார். 1914ல் லேக் மார்கரெட் நீர்மின் நிலையத்தைக் கட்டி முடித்தார்கள். அது பின்னாளில் சீரமைக்கப்பட்டு இன்றும் மின்சாரம் தருகிறது. அவர் காலத்து வேலைகளில் நான் மனதாரப் பாராட்டுவது அது ஒன்றைத்தான்.

முதல் உலகப் போர் முடிந்ததும் தாமிர விலை சரிந்தது. 1922 ஏப்ரல் 30 அன்று லான்செஸ்டனில் தனது 65வது வயதில் ஸ்டிக்ட் காலமானார். அவர் சேகரிப்பு விற்பனைக்கு வந்தது. பெல்டன் அறக்கட்டளைப் பணத்தில் அதில் பெரும்பகுதியை மெல்போர்ன் ஓவியக் கூடத்துக்கும் நூலகத்துக்கும் வாங்கினார்கள். சேர்த்தவை பத்திரமாக இருக்கின்றன.

ஊருக்குள் ஓடும் குயின் ஆற்றின் கரையில் நின்று பாருங்கள். கற்களெல்லாம் துரு ஆரஞ்சு. உருக்காலை 1969ல் நின்றது. சுரங்கக் கழிவை ஆற்றில் விடுவது 1994 வரை நடந்தது, சுமார் 10 கோடி டன்.

நமக்கும் இந்த மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1999ல் இந்தச் சுரங்கத்தை ஸ்டெர்லைட் வாங்கியது. இங்கே வெட்டிச் செறிவூட்டிய தாமிரத் தாது கப்பலேறி தூத்துக்குடி உருக்காலைக்கு வந்தது. குயின்ஸ்டவுனில் நின்றுபோன உருக்கும் வேலை, கடல் தாண்டி நம் கரையில் நடந்தது. 2013 டிசம்பரிலும் அடுத்த மாதமுமாக மூன்று தொழிலாளர்கள் இறந்த பின் இங்கே சுரங்க வேலை நிறுத்தப்பட்டது. தூத்துக்குடியில் 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பின் ஆலை மூடப்பட்டது.

போகிறவர்கள் இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். அயர்ன் புளோ காட்சிமேடையில் நின்றால் 1883ல் எல்லாம் தொடங்கிய குழி பச்சைத் தண்ணீரோடு கிடக்கிறது. ஸ்ட்ரான் என்ற கடற்கரை ஊர் நோக்கிப் போகும் பழைய பல்சக்கர ரயிலையும் விடாதீர்கள். மலைச்சரிவுகளில் இப்போது ஆங்காங்கே புதர்கள் திரும்ப வருகின்றன. உள்ளூரில் சிலர் பழைய மொட்டை மலைதான் எங்கள் அடையாளம், அது அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். நான் புதர்களின் பக்கம்.